முன்பருவக் கல்வியின் பலன் பேரப்பிள்ளை வரை போகுமா?

மூன்று, நான்கு வயதுக் குழந்தையின் கல்வியில் போடும் பணம் பல மடங்காகத் திரும்புகிறது, அதன் பலன் அந்தக் குழந்தை வளர்ந்து பெறும் பிள்ளைகளையும் சேர்கிறது என்கிறார்களே, இதற்கு ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பது கேள்வி. அடுத்த தலைமுறையைச் சேர்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் பலர் நினைப்பதுபோல் அது மதிப்பெண் வழியாகப் போவதில்லை. அந்தப் பலனைப் பணமாக்கிக் கணக்கில் ஏற்றினால் ஆச்சரியப்படும் அளவுக்குச் சிறுத்தும் போகிறது. பலன் உண்மையா என்பதும் அதன் பண மதிப்பு எவ்வளவு என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டையும் கலப்பதால்தான் இந்த விவாதம் முடிவதே இல்லை.

எல்லோரும் காட்டும் சான்றிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் இப்சிலாந்தியில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 123 குழந்தைகள். எல்லோரும் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 58 பேருக்குப் பள்ளி கிடைத்தது, 65 பேர் ஒப்பீட்டுக் குழு. வாரநாள்களில் காலை இரண்டரை மணி நேர வகுப்பு. ஐந்தாறு குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர். வாரம் ஒருமுறை ஆசிரியரே வீட்டுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் இருப்பார். பெரும்பாலானோருக்கு இது இரண்டு ஆண்டுகள் நீடித்தது. ஆளுக்கு ஆன செலவு 2000ஆம் ஆண்டு விலையில் சுமார் 15,000 டாலர். இந்தத் தொகையையும் அந்த வீட்டு வருகையையும் மனத்தில் வையுங்கள். பெர்ரியை மேற்கோள் காட்டிப் பணம் கேட்கும் பல திட்டங்களில் இவை இரண்டுமே இருக்காது.

ஐந்து வயதில் ஐக்யூ 90க்கு மேல் இருந்தவர்கள் பள்ளிக்குப் போன குழுவில் 67 சதவீதம், மற்றதில் 28 சதவீதம். எட்டு, ஒன்பது வயதாகும்போது அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. ஆய்வை அங்கேயே நிறுத்தியிருந்தால் தோல்வி என்று எழுதி மூடியிருப்பார்கள். நாற்பது வயதில் பார்த்தபோது ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் 60 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 40 சதவீதம். ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் 36 சதவீதம், மற்றதில் 55 சதவீதம். ஐக்யூவில் நிற்காத ஏதோ ஒன்று அந்த ஆட்களிடம் நின்றிருக்கிறது. பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனின் குழு அதைப் பொறுமை, பிறரோடு ஒத்துப்போதல், எடுத்த வேலையை முடித்தல், அடங்காத நடத்தை குறைதல் போன்ற குணநலன்களில் கண்டது.

அந்தக் குழந்தைகள் ஐம்பதைக் கடந்த பிறகு அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றியும் விவரம் திரட்டினார்கள். பள்ளியிலிருந்து ஒருமுறைகூட இடைநீக்கம் ஆகாமல் மேல்நிலைக் கல்வியை முடித்தவர்கள், பெர்ரிக்குப் போனவர்களின் பிள்ளைகளில் 67 சதவீதம். ஒப்பீட்டுக் குழுவினரின் பிள்ளைகளில் 40 சதவீதம். முழுநேர வேலையோ சுயதொழிலோ உள்ளவர்கள் 59க்கு 42. அந்தப் பிள்ளைகள் யாரும் பெர்ரி பள்ளிக்குப் போனவர்கள் அல்லர். இன்னும் கவனிக்க வேண்டியது, இந்தக் குடும்பங்கள் நல்ல வட்டாரத்துக்குக் குடிபெயரவும் இல்லை. ஒப்பீட்டுக் குழுவினர் இருந்ததைப் போன்ற, சில வேளை அதைவிட மோசமான பகுதிகளில்தான் இருந்தார்கள். அப்படியானால் மாறியது வீட்டுக்குள் இருந்த நிலை. பெற்றோர் சேர்ந்து வாழ்ந்த காலம் கூடியிருந்தது, தகப்பன் சிறைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான்.

தலைமுறை தாண்டும் வழிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். முதல் குழந்தை எந்த வயதில் பிறக்கிறது என்பது முக்கியம். பதினேழில் தாயாவதற்கும் இருபத்துநான்கில் தாயாவதற்கும் இடையில் ஒரு படிப்பும் ஒரு வேலையும் அடங்கிவிடும். யாரைத் துணையாகக் கொள்கிறார்கள் என்பது அடுத்தது. படிப்பை முடித்தவர் படிப்பை முடித்தவரையே மணக்கும் போக்கு எங்கும் இருப்பதால், ஒருவருக்குக் கிடைத்த ஆதாயம் குடும்ப அளவில் பெருகுகிறது. குற்றப் பதிவு இல்லாமை வேலைச் சந்தையில் ஆண்களுக்கு வாழ்நாள் முழுக்க உதவுகிறது. குழந்தையிடம் பேசும் விதம், அடிக்காமல் திருத்துவது, கதை சொல்வது போன்றவையும் கைமாறுகின்றன, ஆனால் இவற்றை அளப்பது கடினம். வருமானம் இந்த வரிசையில் ஒன்று, அவ்வளவுதான்.

123 பேரை வைத்து உலகத்துக்கே கொள்கை வகுக்கலாமா என்ற ஆட்சேபம் நியாயமானது. தவிர, யார் எந்தக் குழு என்று தீர்மானிக்கப் பெர்ரியில் போட்ட குலுக்கல் முழுத் தூய்மையாக நடக்கவில்லை. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகள் சிலரை ஒப்பீட்டுக் குழுவுக்கு மாற்றினார்கள், தம்பி தங்கைகளை மூத்தவர் இருந்த குழுவிலேயே போட்டார்கள். பின்னாளைய பகுப்பாய்வுகள் இதைச் சரிக்கட்டிய பிறகும் முடிவுகள் பெரும்பாலும் நின்றன. ஆனாலும் பிழை வரம்பு அகலமானது. ஆகவே வேறு இடத்தில், வேறு முறையில் இதே விடை வருகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

வருகிறது. ஏழைக் குழந்தைகளுக்காக அமெரிக்க அரசு 1965இல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் என்ற மழலையர் கல்வித் திட்டம் மாவட்டங்களில் ஒரே நாளில் வரவில்லை, படிப்படியாகப் பரவியது. அந்தக் கால இடைவெளியையே இயற்கைச் சோதனையாக, அதாவது முன்னதாகப் பெற்ற மாவட்டங்களைப் பின்னர் பெற்றவற்றோடு ஒப்பிடும் வழியாகக் கொண்டு பார், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட கட்டுரை, திட்டம் எட்டிய இடங்களில் வளர்ந்த தாய்மாரின் பிள்ளைகள் கூடுதலாகப் படித்ததையும், அவர்களிடையே பதின்பருவப் பேறும் குற்றச்செயலும் குறைந்ததையும் காட்டியது. டென்மார்க்கில் 1933 முதல் 1960 வரை ஏழைக் குழந்தைகளுக்காகத் திறக்கப்பட்ட தரமான மழலையர் பள்ளிகளை ராசின் ஸ்லேட்டர், வூஸ்ட் இருவரும் அரசுப் பதிவேடுகளைக் கொண்டு 65 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். படிப்பு கூடியது, ஆண்களின் வருமானம் உயர்ந்தது, பெண்களின் ஆயுள் நீண்டது, அவர்களுடைய பிள்ளைகள் 25 வயதில் மேலும் படித்திருந்தார்கள். மூன்று வேறு நிறுவன அமைப்புகள், இரண்டு வேறு ஆய்வு முறைகள், ஒரே திசை. அளவு எவ்வளவு என்பதில் தயங்கலாம், திசையைச் சந்தேகிக்கக் காரணம் அதிகம் இல்லை.

இனி பணக் கணக்கு. பெரும்பாலான பேச்சுகள் தடுமாறுவது இங்கேதான். ஒரு எளிய எடுத்துக்காட்டு எடுத்துக்கொள்வோம். நான்கு வயதில் ஒரு குழந்தைக்கு 100 அலகு செலவிடுகிறோம். அதனால் 22 முதல் 60 வயது வரை ஆண்டுதோறும் அவருக்கு 10 அலகு கூடுதல் வருமானம். கூட்டிப் பார்த்தால் 390, கிட்டத்தட்ட நான்கு மடங்கு என்று விளம்பரப்படுத்தலாம். ஆனால் பதினெட்டு ஆண்டு கழித்து வரத் தொடங்கும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கழித்துக் கொண்டுவர வேண்டும். ஓர் ஆண்டு தள்ளி வரும் பணத்தின் மதிப்பை எவ்வளவு குறைக்கிறோம் என்பதே கழிவு விகிதம். அது 3 சதவீதம் என்றால் அந்த 390 இன்று 138 ஆகும். 4 சதவீதத்தில் ஏறத்தாழ 100. போட்டதும் வந்ததும் சரி. 7 சதவீதத்தில் வெறும் 42, நட்டம். திட்டம் அதே, குழந்தை அதே, ஒரே ஓர் எண் மட்டும் மாறியிருக்கிறது. எனவே "ஒரு டாலருக்கு இத்தனை டாலர்" என்ற எதைக் கேட்டாலும் முதல் கேள்வி எந்தக் கழிவு விகிதத்தில் என்பதாக இருக்கட்டும்.

இரண்டாம் தலைமுறையைச் சேர்ப்போம். பெற்றோரின் வருமான வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு பிள்ளையின் வருமானத்திலும் தெரிகிறது என்பதைத் தலைமுறை வருமான நெகிழ்ச்சி என்பார்கள். டென்மார்க்கில் அது 0.15 அளவில், அமெரிக்காவில் 0.4 முதல் 0.5 வரை மதிப்பிடப்படுகிறது. 0.4 என்று வைத்தால் பிள்ளைக்கு ஆண்டுக்கு 4 அலகு ஆதாயம். பிள்ளை பிறக்கும்போது பெற்றவருக்கு 26 வயது என்றால், ஒரு பிள்ளையின் வாழ்நாள் ஆதாயம் இன்றைய மதிப்பில் 3 சதவீத விகிதத்தில் சுமார் 26 அலகு, 7 சதவீதத்தில் 3 அலகுகூட முழுதாக வராது. பேரப்பிள்ளைக்குப் போனால் 0.4ஐ மீண்டும் 0.4ஆல் பெருக்க வேண்டும், ஆதாயம் 1.6 அலகுதான், அதுவும் இன்னொரு கால்நூற்றாண்டு தள்ளி.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். நெகிழ்ச்சி என்பது இணைந்து போகும் அளவு; அதில் மரபணு, சொத்து, வட்டாரம் எல்லாம் கலந்திருக்கும். எனவே பெற்றோரின் வருமானத்தைத் திட்டம் உயர்த்தினால் பிள்ளைக்கு அப்படியே 0.4 பங்கு போகும் என்று எடுத்துக்கொள்வது அளவை மிகைப்படுத்தலாம். மறுபுறம், பெர்ரியில் கண்டதுபோல் வருமானம் சாராத வழிகளும் இருப்பதால் குறைத்தும் மதிப்பிடலாம். இரண்டு பிழைகளும் எதிரெதிர் திசையில் இழுக்கின்றன, எது பெரிது என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆகவே நேர்மையான வழி, முதல் தலைமுறைக் கணக்கை மட்டும் வைத்துத் திட்டம் தேறுகிறதா என்று பார்ப்பது. இரண்டாம் தலைமுறையைச் சேர்த்தால்தான் தேறுகிறது என்றால் அந்தத் திட்டத்தை எச்சரிக்கையோடு அணுகுங்கள்.

பெர்ரியின் புகழ்பெற்ற எண்களையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். நாற்பது வயது அறிக்கை 3 சதவீதக் கழிவில் ஒரு டாலருக்கு 16 டாலருக்குச் சற்று மேல் என்றது. அதில் பொதுமக்களுக்குச் சேர்ந்தது 12.90. அந்தப் பொதுப் பங்கில் 88 சதவீதம் குற்றம் குறைந்ததால் மிச்சமானது. கூடுதல் வரி, குறைந்த உதவித்தொகை எல்லாம் சேர்ந்துதான் மீதி. ஹெக்மன் குழு 2010இல் குற்றச் செலவை அடக்கமாக மதிப்பிட்டு, வரி வசூலால் பொருளாதாரத்துக்கு ஏற்படும் இழப்பையும் கழித்து, ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீத வருவாய் விகிதம் என்றது. 16 மடங்கு என்பதைவிடச் சிறிதாகத் தெரியும் இந்த எண் உண்மையில் மேலும் நம்பத்தக்கது. ஆனால் இதிலும் பெரும் பகுதி, குற்றமும் சிறைவாசமும் மிகுந்த ஒரு சமூகத்தில் அவை குறைந்ததன் மதிப்பு. குற்ற விகிதம் இயல்பாகவே தாழ்ந்த நாட்டுக்கு இந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் கணக்குப் பொய்த்துவிடும். அங்கே பலன் இருந்தால் அது வருமானம், உடல்நலம், தாயின் வேலை ஆகியவற்றிலிருந்து வர வேண்டும்.

அரசுக் கருவூலத்துக்குப் பணம் தானாகத் திரும்புமா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. மேலே போட்ட கணக்கில் கூடுதல் வருமானத்தில் கால் பங்கு வரியாக வந்தாலும், 3 சதவீதத்தில் 100க்கு 35 அலகுகூட முழுதாகத் திரும்பாது. குழந்தையின் எதிர்கால வரி மட்டும் செலவை ஈடுகட்டுவது அரிது. ஈடுகட்டுகிற திட்டங்களில் வேறு வரவுகள் இருக்கும்: சிறப்புக் கல்விக்கு அனுப்பப்படும் குழந்தைகள் குறைவது, ஒரே வகுப்பில் மீண்டும் படிப்பது குறைவது, மருத்துவச் செலவு, தாய் உடனே வேலைக்குப் போவதால் வரும் வரி. இந்தக் கடைசி வரவு இருபது ஆண்டு காத்திருக்க வைக்காது, அடுத்த மாதமே தொடங்கிவிடும். அதனால் கழிவு விகிதம் அதைப் பெரிதாகத் தொடுவதில்லை. முழுநாள் திட்டத்துக்கும் அரைநாள் திட்டத்துக்கும் இடையிலான உண்மையான நிதி வேறுபாடு பெரும்பாலும் இதுதான்: இரண்டரை மணி நேர வகுப்பை நம்பி எந்தத் தாயும் வேலைக்குப் போக முடியாது.

உடல்நல வரவை அபிசிடேரியன் ஆய்வு காட்டியது. வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் 1972இல் தொடங்கி, கைக்குழந்தைப் பருவத்திலிருந்து ஐந்து வயது வரை முழுநாளும் ஆண்டு முழுவதும் நடந்தது, 111 குழந்தைகள். முப்பது வயதில் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் 23 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 6. முப்பதுகளின் நடுவில் ஆண்களின் சராசரி மேல் இரத்த அழுத்தம் 126, மற்ற குழுவில் 143. நான்கு வயதில் கற்ற எண்ணும் எழுத்தும் நேரடியாக இரத்த அழுத்தத்தைக் குறைக்காது. அந்த மையத்தில் இரண்டு வேளை உணவும் ஒரு சிற்றுண்டியும் மருத்துவக் கவனிப்பும் இருந்தன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

விலை குறைந்த வழி இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஜமைக்கா. 1986, 1987இல் கிங்ஸ்டன் நகரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகள், ஒன்பது முதல் இருபத்துநான்கு மாத வயதினர். சமூக சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய், கழித்துப்போட்ட பொருள்களில் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்துக் குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இரண்டு ஆண்டுகள், அவ்வளவே. இன்னொரு குழுவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு கொடுத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, வீட்டு வருகை பெற்றவர்களின் வருமானம் 25 சதவீதம் கூடுதல். குன்றாமல் வளர்ந்த குழந்தைகளின் நிலையையே எட்டிப்பிடித்துவிட்டார்கள். பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த நீண்டகால ஆதாயம் தென்படவில்லை. கட்டடத்தை விட ஆளில் செலவிடுவது மேல் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

தவறிய இடங்களையும் சொல்ல வேண்டும், அவற்றில்தான் கற்க அதிகம் இருக்கிறது. டென்னசி மாநில மழலையர் திட்டத்தை ஏறத்தாழ 3,000 குழந்தைகளிடம் குலுக்கல் முறையில் ஆராய்ந்தபோது, ஆறாம் வகுப்பில் திட்டத்துக்குப் போனவர்கள் மதிப்பெண்ணிலும் ஒழுங்கிலும் போகாதவர்களை விடப் பின்தங்கியிருந்தார்கள். கனடாவின் கியூபெக் மாநிலம் 1997இல் நாளுக்கு 5 டாலர் கட்டணத்தில் எல்லோருக்கும் குழந்தைக் காப்பகம் என்று அறிவித்தது. தாய்மாரின் வேலைவாய்ப்பு நன்றாகவே உயர்ந்தது. ஆனால் குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடின; பதின்பருவத்தில் குற்றமும் கூடியதாக பேக்கர், க்ரூபர், மில்லிகன் மூவரும் கண்டார்கள். இடங்களை வேகமாகப் பெருக்கும்போது முதலில் அடிபடுவது ஆசிரியர்–குழந்தை விகிதமும் ஆசிரியர் பயிற்சியும். அதோடு மூன்று வயதில் தாளும் பென்சிலும் வைத்து உட்காரவைக்கும் பழக்கம் நுழையும். உட்கார வைத்த குழந்தைக்கு எழுத்து சீக்கிரம் வரும், ஆண்டிறுதிச் சோதனையில் நன்றாகத் தெரியும். பின்னாளில் பலன் தரும் குணநலன்கள் பழகக் கிடைக்காது. வேகமாக மங்கும் பகுதியை வாங்கி, நீடிக்கும் பகுதியை விற்றுவிடுகிறோம்.

ஒப்பீடு எதனோடு என்பதும் விடையை மாற்றும். வீட்டில் நல்ல கவனிப்புக் கிடைக்கும் குழந்தையைச் சுமாரான மையத்துக்கு அனுப்பினால் அதற்கு இழப்பு. நார்வேயில் 1975 சட்டத்துக்குப் பின் மையங்கள் பெருகியபோது வருமான ஏணியின் கீழ்ப்பகுதியில் ஆதாயமும் மேல்பகுதியில் இழப்பும் தெரிந்தது. ஹெட் ஸ்டார்ட்டுக்கு வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அது இல்லையென்றால் வேறொரு மழலையர் பள்ளிக்குப் போயிருப்பார் என்று கிளைன், வால்டர்ஸ் கணக்கிட்டார்கள். அப்படிப்பட்டவருக்குத் திட்டம் தரும் கூடுதல் பலன் சிறிது, ஆனால் வேறிடத்தில் மிச்சமாகும் அரசுப் பணமும் உண்டு. இதைப் பிரிக்காமல் சராசரி எடுத்தால், வீட்டிலேயே இருந்திருக்கக்கூடிய ஏழைக் குழந்தைக்குக் கிடைக்கும் பெரும் பலன் மறைந்துவிடும்.

முன்னும் பின்னும் என்ன கிடைக்கிறது என்பது அடுத்த சிக்கல். டென்மார்க் ஆய்வில், கைக்குழந்தைப் பருவத்தில் செவிலியர் வீட்டுக்கு வந்துபோன குழந்தைகளுக்கு மழலையர் பள்ளியால் வந்த கூடுதல் படிப்பு 85 சதவீதம் குறைந்தது. ஒன்று செய்த வேலையை இன்னொன்று மறுபடி செய்திருக்கிறது. ஆனால் ஹெட் ஸ்டார்ட்டுக்குப் பின் நிதி வளம் உள்ள பள்ளிக்குப் போனவர்களுக்குப் பலன் பெரிது என்று ஜான்சன், ஜாக்சன் இருவரும் காட்டினார்கள். அங்கே ஒன்று இன்னொன்றைத் தாங்கிப் பிடித்தது. முரணாகத் தெரிந்தாலும் இவை பொருந்தும். ஒரே வயதுப் பகுதியில் இரண்டு திட்டங்களைக் குவித்தால் இரண்டாவது வீண் போகலாம். அடுத்தடுத்த வயதில் தொடர்ந்து கொடுத்தால் முதலாவது காப்பாற்றப்படும். வரம்புள்ள நிதியைப் பிரிக்கும்போது இதுவே கையாளத்தக்க வழிகாட்டி.

கடைசியாக, எதை எப்போது அளப்பது. பாஸ்டன் நகரப் பொது மழலையர் பள்ளிகளில் 1997 முதல் 2003 வரை குலுக்கலில் இடம் பெற்றவர்களுக்குத் தேர்வு மதிப்பெண்ணில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் பள்ளி முடித்ததும் கல்லூரியில் சேர்ந்தவர்கள் 8 சதவீதப் புள்ளி கூடுதல். மூன்றாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் திட்டத்தை மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அந்த வயதில் அளக்கத்தக்கவை வருகை நாள்கள், இடைநீக்கம், வகுப்பில் தேங்குதல், சிறப்புக் கல்விக்கு அனுப்புதல் ஆகியவை. எல்லாம் பள்ளிப் பதிவேட்டிலேயே இருக்கும். இடம் போதாதபோது விண்ணப்பங்களைக் குலுக்கிப் போட்டு, கிடைக்காதவர்களின் பட்டியலையும் பத்திரப்படுத்தினால் ஒப்பீட்டுக் குழு செலவில்லாமல் கிடைக்கும். உடன்பிறந்தோர் விவரத்தையும் அன்றே எழுதிவையுங்கள், ஏனெனில் பலன் அவர்களுக்கும் கசிகிறது. கசிவைக் கணக்கில் எடுக்காமல் அண்ணனையும் தம்பியையும் ஒப்பிட்டால் பலன் குறைவாகத் தெரியும்.

இரண்டாம் தலைமுறையை அளப்பவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. திட்டம் முதல் பேற்றைத் தள்ளிப்போடுகிறது என்றால், தொடர்வாய்வு நடக்கும் நாளில் திட்டக் குழுவின் பிள்ளைகள் வயதில் சிறியவர்களாக இருப்பார்கள். பதினெட்டு நிரம்பிய பிள்ளைகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டால், திட்டக் குழுவில் சிறுவயதிலேயே பெற்றவர்களின் பிள்ளைகள்தான், அதாவது திட்டம் அதிகம் மாற்றாதவர்களின் பிள்ளைகள்தான், கணக்கில் வருவார்கள். எல்லாப் பிள்ளைகளையும் பிறந்த ஆண்டோடு பதிந்து, ஒரே வயதில் நிறுத்தி ஒப்பிட வேண்டும். அதற்கு முதல் குழந்தை மழலையர் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து ஐம்பது ஆண்டு கழியும் வரை பதிவேடு தொலையாமல் இருக்க வேண்டும்.